ஆலையை இடம் மாற்றும் பொறுப்பு வந்திருக்கிறது: திட்ட மேலாண்மையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு பம்ப் ஆலையின் உற்பத்திப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வாடகை ஷெட்டில் இருக்கும் மொத்த ஆலையையும் சொந்த இடத்தில் கட்டியிருக்கும் புது ஷெட்டுக்கு மாற்றும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்திருக்கிறார். கூரை வேலை முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் இனிமேல்தான். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டுமாம். திட்ட மேலாண்மை நான் படித்ததில்லை. பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா, எம்எஸ் ப்ராஜெக்ட் மென்பொருள் கற்றுக்கொள்ளலாமா? அடிப்படை என்று எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்:

பிஎம்பி இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் நினைத்தாலும் எழுத முடியாது. பட்டதாரிகள் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே 36 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவம் காட்ட வேண்டும். இந்த வேலையை முடித்துவிட்டு யோசியுங்கள், அப்போது பாடத்தில் பாதி தானாகவே புரியும். எம்எஸ் ப்ராஜெக்டும் இல்லாமல் சமாளிக்கலாம். உங்கள் அளவுக்கு ஒரு எக்செல் தாளும் சுவரில் ஒட்ட ஒரு பெரிய சார்ட்டும் போதும்.

நான் பார்த்தவரை திட்டங்கள் தாமதமாவது வேலை செய்வதில் இல்லை, காத்திருப்பதில். கொத்தனார் மெதுவாகக் கல் வைத்ததால் ஆலை மாற்றம் மூன்று மாதம் தள்ளிப்போவது அரிது. யாரோ ஒரு டிராயிங்குக்கு ஒப்புதல் தராமல் வைத்திருந்தார், யாரோ ஒரு ஆர்டரை 'அடுத்த வாரம் போடலாம்' என்றார், யாரோ ஒரு துறையில் விண்ணப்பம் கொடுக்க மறந்தார். தள்ளிப்போவதெல்லாம் இப்படித்தான். எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து, அந்தக் காத்திருப்பைக் குறைப்பதுதான் உங்கள் வேலை. கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதல் வேலை, 'முடிந்தது' என்றால் என்ன என்று முதலாளியோடு உட்கார்ந்து எழுதுவது. இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்ற நினைப்பு. உங்கள் விஷயத்தில் குறைந்தது நான்கு விடைகள் உண்டு. கடைசி இயந்திரம் புது ஷெட்டில் இறங்கிய நாளா? முதல் பம்ப் டெஸ்ட் பெட்டில் (பம்பை ஓட்டிச் சோதிக்கும் மேடையில்) பாஸான நாளா? பழைய அளவுக்கு உற்பத்தி திரும்பிய நாளா? பழைய ஷெட்டின் சாவியைக் கொடுத்து வாடகை நின்ற நாளா? நீங்கள் முதலாவதை மனதில் வைத்திருப்பீர்கள், முதலாளி மூன்றாவதை. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மாதம் இருக்கலாம்.

இதில் ஒளிந்திருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பம்புகளில் ஐஎஸ்ஐ முத்திரை போடுகிறீர்கள் என்றால், அந்த உரிமம் குறிப்பிட்ட ஆலை வளாகத்துக்குக் கொடுக்கப்பட்டது. இடம் மாறினால் அந்த உரிமத்தைக் கொடுக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அலுவலகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் புது இடத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அங்கே முத்திரை போட முடியும். இயந்திரங்கள் எல்லாம் ஓடுகின்றன, பம்ப் தயார், ஆனால் முத்திரை இல்லாததால் குடோனில் கிடக்கிறது என்ற நிலை வரும். ஆகவே என் யோசனை, 'முடிந்தது' என்பதை 'புது ஷெட்டில் செய்த, முத்திரை போட்ட பம்ப் முதல் லாரியில் ஏறிய நாள்' என்று எழுதுங்கள். இப்படி ஒரே வரியில் எழுதியதும் நீங்கள் நினைத்தே பார்க்காத நான்கைந்து வேலைகள் பட்டியலுக்குள் வந்துவிடும்.

எது இந்தத் திட்டத்தில் இல்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். 'எப்படியும் மாத்துறோம், அதோட சேர்த்து பெயிண்டிங் பூத்தையும் புதுசா போட்டுடலாமே' என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள், அநேகமாக அது முதலாளியாகத்தான் இருக்கும். நல்ல யோசனையாகவும் இருக்கலாம். மறுக்கச் சொல்லவில்லை. அரைப்பக்கத்தில் என்ன சேர்கிறது, எத்தனை ரூபாய், எத்தனை வாரம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுச் செய்யுங்கள். கையெழுத்து கேட்டதுமே பாதி யோசனைகள் 'சரி, அது அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று போய்விடும்.

எது வேண்டும் என்று தீர்மானிக்காமல் கடப்பாரையைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சிட்னி ஆப்பரா ஹவுஸ்தான் பெரிய உதாரணம். 1957-இல் யோர்ன் உட்சன் என்ற டென்மார்க் கட்டடக் கலைஞரின் வரைவு தேர்வானது. 1959 மார்ச்சில் கட்டுமானம் தொடங்கியபோது அந்தப் புகழ்பெற்ற கூரையை எப்படிக் கட்டுவது என்பதே தீரவில்லை. மாநில அரசுக்கு அவசரம், அரசியல் காரணம். பிறகு கூரையின் வடிவம் முடிவானபோது, ஏற்கெனவே கட்டிய அடித்தளத் தூண்களால் அதைத் தாங்க முடியாது என்று தெரிந்து அவற்றை மறுபடி பலப்படுத்த வேண்டியிருந்தது. 1963-இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடிய வேண்டியது 1973-இல் 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. உட்சன் 1966-இலேயே விலகிப்போனார். கட்டடம் உலக அதிசயம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் உங்கள் பம்ப் ஆலையைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கப் போவதில்லை.

அடுத்தது வேலைகளின் சங்கிலி. இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் தனித்தனியாக ஒரே யோசனை பிறந்தது. டூபான்ட் ரசாயன நிறுவனத்தில் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும், ஆலை கட்டும் வேலையையும் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நாட்களையும் எப்படிக் குறைப்பது என்று பார்த்தார்கள். அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கியிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் பெர்ட் என்ற முறையை உருவாக்கியது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். வேலைகளை எழுது, ஒவ்வொன்றும் எதற்குப் பின் வரவேண்டும் என்று கோடு போடு, ஒவ்வொன்றுக்கும் காலம் எழுது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை போகும் பாதைகளில் எது நீளமானதோ அதுதான் திட்டத்தின் காலம். கிரிட்டிகல் பாத் என்கிறார்கள். அதில் ஒரு நாள் தவறினால் முடிவு நாளும் ஒரு நாள் தள்ளும். மற்ற பாதைகளில் தவறினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

உங்கள் ஆலைக்கே போட்டுப் பார்க்கலாம். வாரக்கணக்குகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் சப்ளையர்களிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இயந்திர ஃபவுண்டேஷன்: தயாரிப்பாளரிடமிருந்து டிராயிங் வர 2 வாரம், தோண்டிக் கான்கிரீட் போட 2 வாரம், கான்கிரீட் முழு பலத்துக்கு வர 4 வாரம். ஆக 8. அந்த 28 நாளைக் குறைக்க எல்லாரும் ஆசைப்படுவார்கள். ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வந்திருக்கும், அதன்மேல் அதிர்வு உள்ள இயந்திரத்தை உட்கார வைத்து லெவல் பார்த்தால் பிறகு லெவல் நிற்காது. கிரேன்: ஆர்டர் போட்டு வர 8, ஏற்றிப் பொருத்த 2. ஆக 10. மின்சாரம்: லோடு விண்ணப்பமும் மின் வரைபடமும் 2, டிரான்ஸ்ஃபார்மர் வர 10, அதை நிறுவ 2, மின் ஆய்வுத் துறை பார்த்து ஒப்புதல் தந்து ஹெச்டி (உயர் மின்னழுத்த) இணைப்பு கிடைக்க 3. ஆக 17. இவை மூன்றும் முடிந்தால்தான் இயந்திரங்களை மாற்றலாம், அதற்கு 2. ஓட்டிப் பார்க்க 2. பிஐஎஸ் பார்வையிட்டு முத்திரைக்கு ஒப்ப 3.

நீளமான பாதை மின்சாரம் வழியாகப் போகிறது: 17, பிறகு 2, 2, 3. மொத்தம் 24 வாரம். ஆறு மாதம் என்பது 26 வாரம். கையில் இருப்பது இரண்டே வாரம், அதுவும் இன்றைக்கே விண்ணப்பத்தைத் தொடங்கினால். ஃபவுண்டேஷனுக்கோ 9 வாரம் அவகாசம் இருக்கிறது, கிரேனுக்கு 7.

இப்போது ஷெட்டில் என்ன நடக்கும் என்று பாருங்கள். முதலாளி தினமும் மாலையில் வந்து குழி தோண்டுவதைப் பார்ப்பார், 'என்னப்பா, இன்னும் மூணு குழிதான் ஆகியிருக்கு' என்பார். நீங்களும் இன்னும் நான்கு ஆட்களை இறக்குவீர்கள். புழுதி பறக்கும், வேலை நடப்பது போலவே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டர் மட்டும் பர்ச்சேஸ் மேஜையில் 'மூணு கொட்டேஷன் வரட்டும்' என்று சத்தமில்லாமல் படுத்திருக்கும். ஒன்பது வாரம் அவகாசம் உள்ள வேலைக்கு ஓவர்டைம் கொடுத்து, ஒரு நாள்கூடப் பொறுக்காத வேலையைத் தூங்கவிடுவது. இந்தச் சார்ட்டை முதலாளி அறையிலேயே ஒட்டுங்கள், நீளமான பாதையைச் சிவப்பில் போட்டு.

காலத்தைச் சுருக்க வேண்டும் என்றால் பணத்தைச் சிவப்புப் பாதையில் மட்டும் போட வேண்டும். உதாரணத்துக்கு, கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தால் தயார் நிலையில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 3 வாரத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரப் பாதை 17-இலிருந்து 10-க்கு இறங்கும், மொத்தம் 17 வாரம் ஆகிவிடும். ஏழு வார வாடகை அந்தக் கூடுதல் விலையைவிடப் பெரிதா என்று முதலாளி கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் கவனியுங்கள், இப்போது கிரேன் பாதையும் 10 வாரம். நேற்று வரை 7 வாரம் அவகாசம் இருந்த கிரேனுக்கு இன்று அவகாசமே இல்லை. இதனால்தான் சார்ட்டை ஒருமுறை போட்டு ஃபிரேம் மாட்டி வைப்பதில் பயனில்லை. ஒவ்வொரு முறை ஏதாவது மாறும்போதும் சிவப்புக் கோடு எங்கே போகிறது என்று மறுபடி பார்க்க வேண்டும்.

கோடுகளைப் போடும்போது தனியாக உட்கார்ந்து போடாதீர்கள். பராமரிப்பு மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பர்ச்சேஸ், சிவில் காண்டிராக்டர், ஸ்டோர் என்று எல்லாரையும் ஒரு மதியம் உட்கார வைத்து, ஒவ்வொரு வேலையையும் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, 'இதுக்கு முன்னாடி என்ன முடிஞ்சிருக்கணும்?' என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள். கிரேனைப் பொருத்திவிட்டால் போதுமா, லோடு டெஸ்ட் செய்ய மின்சாரம் வேண்டாமா, அதுவரை ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? டெஸ்ட் பெட்டுக்கான தண்ணீர்த் தொட்டி யார் கணக்கில் இருக்கிறது? அளவுமானிகளின் காலிப்ரேஷன் சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் என்ன? தொழிலகப் பாதுகாப்புத் துறையில் கட்டட வரைபட ஒப்புதல் வாங்கியாயிற்றா, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு? இந்த மாதிரி விஷயங்கள் சுவர் முன்னால் நிற்கும்போதுதான் வெளியே வரும். மேஸ்திரி ஒருவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவது உங்கள் எக்செல்லில் ஆறு மாதமானாலும் வராது.

சார்ட் காட்டாத ஒரு முடிச்சும் இருக்கிறது. உங்கள் ஆலையில் மின் பேனல் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால் பழைய ஷெட்டில் பிரேக்டவுன் பார்ப்பவரும் அவரே, புது ஷெட்டில் கேபிள் இழுப்பதை மேற்பார்வை பார்ப்பவரும் அவரே. தாளில் இரண்டும் ஒரே வாரத்தில் அழகாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நடைமுறையில் ஒன்று நடக்கும், ஒன்று நிற்கும். சிவப்புப் பாதையில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஆள் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் மறுபடி மறுபடி வந்தால் அவருக்கு உதவி ஆளை இப்போதே தேடுங்கள்.

இதே யோசனையின் இன்னொரு பக்கம், காத்திருப்பதையே தேவையில்லாமல் ஆக்குவது. அதற்குப் பாம்பன் பாலத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பன் ரயில் பாலத்தின் 126 கர்டர்களை (தூண்களுக்கு நடுவே தண்டவாளத்தைத் தாங்கும் எஃகு உத்தரங்களை) கடலில் தள்ளியது. கப்பலுக்குத் திறந்து வழிவிடும் நடுப்பகுதி தப்பியது. சீரமைக்க ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். தென்னக ரயில்வே அதை மூன்று மாதமாகக் குறைத்தது. பொறுப்பு 32 வயதான ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது.

முதல் திட்டம், நாட்டின் பல மூலைகளிலிருந்து கர்டர்களைத் தேடிக் கொண்டுவருவது. சிவப்புப் பாதை அங்கேதான் இருந்தது: கிடைக்க வேண்டும், ரயிலில் வர வேண்டும், பிறகுதான் ஏற்ற முடியும். அப்போது விழுந்த கர்டர்கள் கடலடியில் எங்கே கிடக்கின்றன என்ற தகவல் மீனவர்களிடமிருந்து வந்தது. ஸ்ரீதரனின் குழு அவற்றையே தூக்கி எடுத்து மறுபடி பொருத்தும் வழிக்கு மாறியது. 46 நாளில் பாலத்தில் ரயில் போயிற்று. ரயில்வே அமைச்சர் 1,000 ரூபாய் பரிசு கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உழைப்பைப் பற்றியும் உறுதியைப் பற்றியும் பேசுவார்கள். அவை இருந்தன, சந்தேகமில்லை. ஆனால் எத்தனை உறுதி இருந்தாலும் கர்டர் வந்து சேரும் நாளை மாற்ற முடியாது. நீளமான பாதையில் இருந்த 'வரும்வரை காத்திரு' என்ற வேலையை எடுத்துவிட்டு, 'இங்கேயே இருப்பதைத் தூக்கு' என்ற வேலையை அங்கே வைத்ததுதான் நாட்களை மிச்சப்படுத்தியது. அந்தத் தகவல் பொறியாளர்களிடம் இல்லை, மீனவர்களிடம் இருந்தது என்பதையும் கவனித்திருப்பீர்கள். சுவர் முன்னால் மேஸ்திரியை நிறுத்தச் சொன்னது அதற்காகத்தான்.

கால மதிப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சப்ளையர் 'பத்து வாரம் சார்' என்றால் அது எல்லாம் நல்லபடி நடந்தால் ஆகும் காலம். அவரிடமே மூன்று எண்ணைக் கேளுங்கள்: ரொம்ப நன்றாக நடந்தால் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, மோசமாகப் போனால் எவ்வளவு. 8, 10, 18 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெர்ட் முறையில் நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 66-ஐ ஆறால் வகுத்தால் 11 வாரம். ஒரு வாரம் கூடிவிட்டது, உங்கள் இரண்டு வார மிச்சத்தில் பாதி போயிற்று. சூத்திரத்தைவிட முக்கியம் அந்த 18 ஏன் வந்தது என்று அவர் சொல்லும் காரணம். டிரான்ஸ்ஃபார்மருக்குள் வைக்கும் கோர் ஸ்டீல் கிடைப்பதில் சிக்கல் என்பாரானால் உங்கள் ஆபத்துப் பட்டியலின் முதல் வரி அதுதான்.

அந்தப் பட்டியல் நீளமாக இருக்கத் தேவையில்லை. பத்து வரி போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது நடக்கப்போகிறது என்று எந்த அறிகுறியில் முன்கூட்டித் தெரியும், தெரிந்தால் யார் என்ன செய்வார் என்று இருக்க வேண்டும். 'மழை வரலாம்' என்று மட்டும் எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் வெளியே இழுக்கும் கேபிள் பள்ளங்களை மூடிவிட வேண்டும் என்று எழுதினால்தான் அது திட்டம். இன்னொன்று உங்கள் தொழிலுக்கே உரியது: பம்ப் விற்பனை சூடு பிடிப்பது கோடையில். பிப்ரவரியிலிருந்து மே வரை ஆலை ஒரு வாரம் நின்றாலும் டீலர் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார். ஆறு மாதக் கெடு அந்தக் காலத்தில் போய் முட்டுகிறதா என்று காலண்டரில் பாருங்கள். முட்டினால் ஆறு மாதத்தை நாலரை ஆக்குவதா, இல்லை மழைக்காலத்துக்குத் தள்ளுவதா என்று இப்போதே பேசிவிடுவது நல்லது. எப்படியிருந்தாலும் இயந்திரங்களைப் பிரிப்பதற்கு முன் சில வாரத்துக்கான சரக்கைக் கூடுதலாகச் செய்து குடோனில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூடுதல் உற்பத்தியும் சார்ட்டில் ஒரு வேலைதான், மறந்துவிடாதீர்கள்.

மொத்த ஆலையையும் ஒரே வாரத்தில் தூக்கி வைப்பதா, வரிசை வரிசையாகவா என்று கேட்டால் நான் வரிசையாக என்றுதான் சொல்வேன். அதிலும் டெஸ்ட் பெட்டையும் ஒரு சிறிய அசெம்பிளி வரிசையையும் முதலில் கொண்டுபோங்கள். அங்கே வரும் சிக்கல்களை மற்ற இயந்திரங்கள் வருவதற்குள் தீர்த்துவிடலாம், பிஐஎஸ் பார்வைக்கான தயாரிப்பையும் மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கலாம். எந்த நிலையில் பார்வையிட வருவார்கள் என்பதை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மென்பொருள்காரர்கள் 2001-க்குப் பிறகு அஜைல் என்று பேசுவதில் உங்களுக்கு உபயோகப்படுவது இவ்வளவுதான்: சிறியதாக ஒன்றை முழுசாக முடித்து, பார்த்து, அடுத்ததற்குப் போவது. கான்கிரீட்டை அஜைலாகப் போட முடியாது.

தாமதமாகிவிட்டால் ஆட்களைக் கொட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960-களில் ஐபிஎம்மின் சிஸ்டம் 360 கணினிக்கு இயங்குதளம் எழுதும் வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று எழுதினார். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவர்களின் நேரம் போகிறது, பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் பெருகுகின்றன. குழி தோண்டுவதில் இது அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் சிஎன்சி இயந்திரத்தை லெவல் பார்ப்பதிலும் பேனல் வயரிங்கிலும் பொருந்தும்.

சரி, நடுவில் நாள்தோறும் என்ன செய்வது? வாரத்துக்கு ஒரு கூட்டம், அரை மணி நேரம், நின்றுகொண்டே. 'எவ்வளவு ஆச்சு?' என்று கேட்டால் 'தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுருச்சுங்க' என்ற பதில்தான் வரும், அடுத்த வாரமும் அதே தொண்ணூறுதான் இருக்கும். ஆகவே பெரிய வேலைகளை ஒன்றிரண்டு வாரத்துக்குள் அடங்கும் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலை வையுங்கள்: முடிந்தது, முடியவில்லை. கேபிள் இழுத்தாகிவிட்டது, ஆனால் டெர்மினேஷன் (முனைகளை இணைப்பது) பாக்கி என்றால் முடியவில்லை. கடுமையாகத் தெரியும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். பிறகு, 'சிவப்புப் பாதையில் உள்ள வேலை யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது?' என்று கேளுங்கள். பதில் சில சமயம் 'உங்க பதிலுக்குத்தான்' என்று வரும். சிரித்துக்கொண்டு அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

எடுத்த முடிவுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கம்ப்ரசர் அறை வடக்குப் பக்கம் என்று யார் சொன்னது, எப்போது, ஏன். மூன்று மாதம் கழித்து 'நான் தெற்குன்னுதானே சொன்னேன்' என்று ஒரு குரல் வரும், அப்போது அந்த நோட்டு உங்களைக் காப்பாற்றும். அளவுகளையும் அலகோடு எழுதி வாங்குங்கள். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் தொலைந்தது, ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்ததை இன்னொரு குழு நியூட்டன் கணக்கில் எடுத்துக்கொண்டதால். ஃபவுண்டேஷன் போல்ட் இடைவெளி மில்லிமீட்டரா அங்குலமா என்பதில் நம் ஊரில் நடக்கும் கூத்தும் அதே ஜாதிதான்.

கடைசியாக, உங்கள் நிலைமையில் மிகக் கஷ்டமானது இதுதான்: பர்ச்சேஸ் மேனேஜரும் பராமரிப்புத் தலைவரும் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் இல்லை, அநேகமாக உங்களைவிட மூத்தவர்கள். 'அண்ணே, அந்த ஆர்டர் என்னாச்சு' என்று கேட்டுக்கொண்டே நிற்பதில் நாட்கள் ஓடிவிடும். எத்தனை ரூபாய் வரை நீங்களே முடிவெடுக்கலாம், எதற்கு முதலாளியிடம் வரவேண்டும், அவர் எத்தனை நாளில் பதில் சொல்வார் என்ற மூன்றையும் எல்லாரும் இருக்கும் கூட்டத்தில் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பொறுப்பை ஏற்ற முதல் வாரத்தில் கேட்டால் இயல்பாக இருக்கும், மூன்றாவது மாதம் கேட்டால் சாக்கு சொல்வது போல இருக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: 'முடிந்தது' வரியை எழுதி முதலாளியின் கையெழுத்து, மின் லோடு கணக்கு, டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையர் இருவரிடம் அந்த மூன்று எண்கள், பிஐஎஸ் அலுவலகத்துக்கு ஒரு நடை. சுவர்க் கூட்டம் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், பழைய ஷெட்டைக் காலி செய்வதற்கான முன்னறிவிப்பு எத்தனை மாதம் என்று வாடகை ஒப்பந்தத்தில் பாருங்கள். மூன்று மாதம் என்றிருந்தால், அந்தக் கடிதத்தை எந்தத் தேதியில் கொடுப்பது என்பதும் சார்ட்டில் ஒரு சீட்டாக ஒட்டப்பட வேண்டும், கூடவே அங்கே கட்டிய மின் வைப்புத் தொகையைத் திரும்ப வாங்கும் விண்ணப்பமும்.